முதல் கைட்போர்டு வாங்கும் முன்: எடை, காற்று, தண்ணீர் பார்த்துப் பலகை தேர்வு

2024 ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் தனது தேசிய தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அதே நாளில் பிரான்சின் மார்செய் கடலில், அந்நாட்டின் 17 வயது வீரர் மேக்ஸிமிலியன் மேடர் கைட் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களின் கண்ணில் நின்றது ஒரே ஒரு காட்சிதான். வீரர்களின் பலகை தண்ணீரைத் தொடவே இல்லை. அரை மீட்டருக்கும் மேலே, காற்றில் சறுக்கிக்கொண்டே போனது.

அதைப் பார்த்துவிட்டு, நாமும் பழகினால் என்ன என்று நினைக்கும் இளைஞருக்கு முதலில் எழும் கேள்வி, எந்தப் பலகை வாங்குவது என்பதுதான். பதில் சற்று ஏமாற்றம் தரலாம். மேடர் ஓட்டிய வகைப் பலகைதான் புதிதாகப் பழகுபவர் கடைசியாக வாங்க வேண்டியது.

இது பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். நல்ல புதிய கைட்போர்டு ஒன்றின் விலை அதை எளிதில் தாண்டிவிடும். ஹைட்ரோஃபாயில் பூட்டிய முழுத் தொகுப்பு என்றால் அதைப்போலப் பல மடங்கு. பட்டம், இடுப்புக் கச்சை, பயிற்சிக் கட்டணம் எல்லாம் தனி. தீபாவளி போனசை நம்பி வாங்கிய பலகை பொருந்தாமல் போனால், அது வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பதைத்தான் மிச்ச வருடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொருந்தாத பலகை ஆபத்தாகவும் முடியலாம். அது எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பட்டம் இழுக்கிறது, பலகை எதிர்க்கிறது

கைட்போர்டிங்கில் ஏறக்குறைய 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறுகளின் முனையில் பெரிய பட்டம் ஒன்று பறக்கும். அதன் இழுவை, ஓட்டுபவரின் இடுப்பில் கட்டியிருக்கும் ஹார்னஸ் எனும் கச்சையில் வந்து இறங்கும். பட்டம் மட்டும் இருந்தால் காற்று போகும் பக்கமே ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பலகையின் ஒரு விளிம்பைக் குதிகாலால் அழுத்தித் தண்ணீருக்குள் பதிக்கும்போதுதான், அந்த இழுவை பக்கவாட்டு ஓட்டமாக மாறுகிறது. பாய்மரப் படகின் அடியில் ஆழமாக இறங்கும் கட்டை செய்யும் வேலையை இங்கே பலகையின் விளிம்பு செய்கிறது.

காற்றை நிரப்பி விறைக்கும் பட்டத்துக்கு பிரான்சைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகெனு சகோதரர்கள் 1984இல் காப்புரிமை கோரினர். அது விழுந்தாலும் மூழ்காது. தண்ணீரிலிருந்தே மீண்டும் எழும்பும். தொடக்க காலத்தில் ஓட்டுநர்கள் அலைச்சறுக்குப் பலகைகளையே காலடியில் வைத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. கரைக்குத் திரும்பி வர வேண்டுமென்றால் ஓடும் பலகையின் மேலேயே கால்களை மாற்றி வைக்க வேண்டும். புதியவர்கள் அந்த இடத்தில்தான் விழுவார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது ட்வின் டிப் எனப்படும் இருமுனைப் பலகை. இரண்டு முனையும் ஒரே வடிவம். கடலுக்குள் போகும்போது வலது முனை முன்னால் இருந்தால், திரும்பும்போது இடது முனை முன்னால் இருக்கும். கால் மாற்றத் தேவையில்லை. பட்டத்தை எதிர்த் திசைக்குத் திருப்பினால் போதும். இன்று உலகமெங்கும் பயிற்சி நிலையங்கள் புதியவர் கையில் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். பழகிய பிறகும் பலர் வேறு பலகைக்குப் போவதே இல்லை.

எடையில் தொடங்க வேண்டும்

கடையில் முதலில் கண்ணை இழுப்பது பலகையின் வண்ணமும் படமும்தான். பாசார் மாலாமில் சட்டை வாங்குவது போல அதைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது. பலகையின் அடியிலோ ஓரத்திலோ இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 138 x 41 என்று இருந்தால் நீளம் 138 சென்டிமீட்டர், அகலம் 41 சென்டிமீட்டர். வாங்குபவரின் உடல் எடைக்கும் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள பொருத்தமே முதல் கணக்கு.

புதிதாகப் பழகுபவர் 55 முதல் 65 கிலோ எடை இருந்தால் 135, 138 சென்டிமீட்டர் நீளமும் 40, 41 அகலமும் பொதுவாகப் போதும். 65 முதல் 80 கிலோ வரை 138 முதல் 142 நீளம், 41 முதல் 43 அகலம். அதற்கும் மேல் எடை உள்ளவர்கள் 142 முதல் 150 வரை பார்க்கலாம். நன்றாக ஓட்டத் தெரிந்த பின், அதே ஆள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் சிறிய பலகைக்கு இறங்குவது வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறினாலும், ஒருவர் முற்றிலும் தவறிப் போகாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும்.

அகலத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீளத்தைவிட அகலமே பலகை எவ்வளவு சீக்கிரம் தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கும் என்பதை அதிகம் முடிவு செய்கிறது. 138 x 39 பலகையும் 138 x 43 பலகையும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். கால் வைத்தால் இரண்டும் வேறு வேறு.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். கிள்ளானில் வேலை செய்யும் 60 கிலோ இளைஞர் ஒருவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று நண்பரின் 155 சென்டிமீட்டர் பலகையை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய காற்றில் அவருக்குச் சுகமாக இருக்கும். காற்று 20 நாட், அதாவது மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் தொட்டால் கதை மாறும். அவ்வளவு பெரிய பலகையின் விளிம்பைத் தண்ணீருக்குள் பதிக்க அவர் எடை போதாது. பலகை தட்டையாகவே ஓடி, அவரைக் காற்று போகும் பக்கம் இழுத்துச் செல்லும். கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முடியாமல் கடற்கரையோரம் பலகையைச் சுமந்துகொண்டு நடந்தே வர வேண்டியதுதான்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இதைவிட மோசமானது. 85 கிலோ எடையுள்ளவர் காணொளியில் பார்த்த சாகச வீரரின் 132 சென்டிமீட்டர் பலகையை வாங்குகிறார். 14 நாட் காற்றில் அது அவரைத் தாங்காமல் அமிழ்கிறது. என்ன செய்வார்? பெரிய பட்டத்தைக் கட்டுவார். பலகை எழும்பிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் திடீரென ஒரு வேகக் காற்று அடித்தால், அந்தப் பெரிய பட்டத்தின் இழுவை முழுவதும் அவர் தலையில்தான் விடியும். பலகை சரியான அளவில் இருந்திருந்தால் ஓர் அளவு சிறிய பட்டத்திலேயே அவர் ஓட்டியிருக்கலாம். புதியவர் பெரிய பலகையும் சிறிய பட்டமும் கொண்டு பழகுவதே பாதுகாப்பு என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

வளைவும் விறைப்பும்

பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், நடுப்பகுதி தரையைத் தொட்டும் முனைகள் மேலே தூக்கியும் இருக்கும். இந்த வளைவை ராக்கர் என்பார்கள். வளைவு குறைவாக இருந்தால் பலகை சீக்கிரம் எழும்பும், வேகமாக ஓடும், காற்றுக்கு எதிராக ஏறி வருவதும் எளிது. வளைவு கூடினால் வேகம் குறையும். அதற்குப் பதிலாகச் சிற்றலைகளில் முனை குத்தாது. தாவி இறங்கும்போது முட்டிக்கு அடி குறைவு.

அடுத்தது விறைப்பு. இரண்டு கையாலும் முனைகளைப் பிடித்து, நடுவை முட்டியால் அழுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். நெகிழ்ந்து கொடுக்கும் பலகை காலுக்கு இதமானது, சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். விறைப்பான பலகை, காலால் உதைத்த வேகத்தை அப்படியே திருப்பித் தந்து ஆளை மேலே எறியும். உள்ளே பெரும்பாலும் பவுலோனியா எனும் இலேசான மரம் இருக்கும். மேலே கண்ணாடி இழையா கார்பன் இழையா என்பதில்தான் விலையும் விறைப்பும் ஏறுகின்றன. கார்பன் என்ற சொல்லைக் கேட்டதும் உயர்ந்தது என்று நினைத்து, முதல் பலகையிலேயே கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் வருடம் முழுவதும் அந்த விறைப்பு முட்டி வலியைத்தான் தரும்.

எந்தக் கடலில் ஓட்டப் போகிறோம்?

தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை வீசும். பகாங், திரெங்கானு, கிளந்தான் மக்களுக்கு அது வெள்ளத்தின் காலம், மீன்பிடிப் படகுகள் கரையில் ஒதுங்கும் காலம். காற்றை நம்பி விளையாடுபவர்களுக்கோ அதுவே பருவம். குவாந்தானுக்கு வடக்கே உள்ள பாலோக் கடற்கரை இப்படிப்பட்ட காற்று விளையாட்டுகளுக்குப் பெயர் பெற்றது.

அந்தக் காற்று தென்சீனக் கடல் முழுவதையும் தாண்டி வருவதால் தண்ணீர் தட்டையாக இருக்காது. கரையோரம் அலை மடிந்து விழும். அங்கே ஓட்டப் போகிறவருக்கு நடுத்தர வளைவும் கொஞ்சம் நெகிழ்வும் உள்ள பலகையே ஏற்றது. பந்தயப் பாணித் தட்டைப் பலகை அந்தச் சிற்றலைகளில் ஓட்டுபவரின் பல்லை ஆட்டிவிடும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை விடுத்துள்ள நாளில் எந்தப் பலகையானாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் நிலைமை தலைகீழ். ஒரு பக்கம் சுமத்ரா தீவு, மறுபக்கம் தித்திவங்சா மலைத்தொடர் என்று மலாக்கா நீரிணை அடைக்கப்பட்டிருப்பதால், சீரான பலத்த காற்று கிடைப்பது அபூர்வம். சிங்கப்பூரில் ஆண்டுத் தொடக்கத்து மாதங்களில் வடகிழக்குக் காற்று ஓரளவு வீசும், அதுவும் பெரும்பாலும் மிதமாகவே. இங்கே பழகுபவர்கள், எடைக்கு ஏற்ப 150 சென்டிமீட்டரைத் தாண்டிய, 45க்கும் கூடிய அகலம் கொண்ட மென்காற்றுப் பலகையை யோசிக்கலாம். கதவுப் பலகை என்று சிலர் அதைக் கேலி செய்வார்கள். 10, 12 நாட் காற்றில் கேலி செய்தவர்கள் கரையில் உட்கார்ந்திருக்க, கதவில் ஏறியவர் ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் இந்தப் பகுதிக்கென்று ஓர் ஆபத்து உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக இடியுடன் கூடிய காற்று கிளம்பி வரும். சில நிமிடங்களில் 8 நாட் காற்று 30 நாட்டைத் தாண்டலாம். மென்காற்றுக்கென்று பெரிய பலகையும் பெரிய பட்டமும் கட்டியிருப்பவர்தான் அப்போது அதிகம் மாட்டிக்கொள்வார். மேற்கே கருமேகம் தெரிந்தாலே பட்டத்தை இறக்கிவிடுவது நல்லது.

இலங்கையின் கல்பிட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே முதல் அக்டோபர் வரை பலத்த காற்று வீசும் அந்தக் களப்பில் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். விடுமுறைக்கு அங்கே போய்ப் பழகிவிட்டு, அங்கே சுகமாக இருந்த தட்டைப் பலகையையே வாங்கிக்கொண்டு பாலோக்குக்கு வந்தால், இங்குள்ள அலையில் அது வேறு பலகையாகத் தெரியும்.

சாகசம், அலை, உயரத் தாவல்

ஓட்டக் கற்ற பிறகுதான் பாணி என்ற பேச்சே வருகிறது. கச்சையிலிருந்து பட்டத்தைக் கழற்றி, கையால் பிடித்தபடி சுழலும் ஃப்ரீஸ்டைல் ஆட்டக்காரர்களுக்கு விறைப்பும் வளைவும் கூடிய பலகை தேவை. சிலர் கால் பட்டைக்குப் பதில் பூட்ஸையே பலகையில் பொருத்திக்கொள்வார்கள். விழும்போது கால் கழலாது என்பதால் புதியவருக்கு அது ஆகாது. இருபது மீட்டர் உயரம்கூடத் தாவும் பிக் ஏர் பாணிக்கு விளிம்பு நன்றாகப் பிடிக்கும், சற்றே சிறிய, விறைப்பான பலகை வேண்டும். இவை இரண்டும் பழகிய கால்களுக்கு உரியவை.

அலைமேல் ஓட விரும்புபவர்கள் மீண்டும் பழைய அலைச்சறுக்குப் பலகைக்கே திரும்புகிறார்கள். ஐந்தரை அடி, ஆறு அடி நீளத்தில், கால் பட்டை இல்லாமலே ஓட்டுவார்கள். இருமுனைப் பலகையில் இரண்டு திசையிலும் தடுமாறாமல் ஓடி, காற்றுக்கு எதிராக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்தவருக்கு இது நல்ல இரண்டாவது பலகை. கனம் கூடியது என்பதால் மென்காற்றிலும் மிதக்கும்.

இனி, மேடரின் ஹைட்ரோஃபாயில். பலகையின் அடியில் கம்பம் ஒன்று இறங்கும். அதன் முனையில் விமானத்தின் இறக்கை போன்ற சிறகுகள் இருக்கும். ஓட்டம் பிடித்ததும் அந்தச் சிறகுகள் தண்ணீருக்குள் தூக்கு விசையை உண்டாக்கி, பலகையை மேலே உயர்த்திவிடும். தண்ணீரின் உராய்வு பெருமளவு குறைவதால் 8, 10 நாட் காற்றே போதும். பந்தயக்காரர்கள் நல்ல காற்றில் மணிக்கு 60 கிலோமீட்டரையும் தாண்டுகிறார்கள். காற்று குறைந்த சிங்கப்பூரிலிருந்து ஓர் உலகச் சாம்பியன் வந்ததைக் கேட்டு வியப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்: மென்காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

அப்படியானால் சிங்கப்பூரில் பழகுபவர் நேரே ஃபாயில் வாங்கினால் என்ன? சிக்கல் சமநிலையில் இருக்கிறது. இருமுனைப் பலகையில் எடையைப் பின்னால் சாய்த்து நிற்கலாம். ஃபாயிலில் ஒரு கைப்பிடி அளவு பின்னால் சாய்ந்தாலும் சிறகு தண்ணீரை விட்டு வெளியே வந்து, பலகை தலைகுப்புற விழும். விழும் ஆளுக்கு அருகிலேயே கூர்மையான சிறகுகள். பட்டத்தைப் பார்க்காமலே கையாளத் தெரிந்தவருக்குத்தான் காலடியில் முழுக் கவனம் வைக்க முடியும். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்களும் 45 முதல் 60 சென்டிமீட்டர் குட்டைக் கம்பத்திலும் பெரிய முன்சிறகிலும் தொடங்குவதே நல்லது. தலைக்கவசமும் தாக்குதல் தாங்கும் மேலங்கியும் கட்டாயம் வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரிலும் மணல்திட்டு உள்ள இடத்திலும் ஃபாயிலை இறக்கவே கூடாது. கம்பம் தட்டினால் பலகை நிற்கும், ஆள் நிற்க மாட்டார்.

பழைய பலகை வாங்குவது குற்றமில்லை

முதல் பலகையைப் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம் எனலாம். பட்டமும் கயிறும் வெயிலில் வலுவிழக்கும். அவற்றைப் பழையதாக வாங்குவதில் யோசிக்க நிறைய உண்டு. பலகை அப்படியல்ல, ஐந்தாறு வருடம் ஓடினாலும் உடையாத பலகை இன்னும் பல வருடம் ஓடும். பார்க்க வேண்டியவை சில. விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனால் ஓசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே மேல்தட்டு மரத்தைவிட்டுப் பிரிந்திருக்கலாம். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் பிளவு தட்டுப்படும். அந்த வழியாகத்தான் கடல்நீர் உள்ளே போய் மரத்தை ஊற வைக்கும்.

முக்கியமாக, கால் பட்டைகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளை விற்பவர் முன்னிலையிலேயே ஒருமுறை கழற்றச் சொல்ல வேண்டும். துருப்பிடித்து இறுகிய ஆணி, பலகைக்குள் இருக்கும் உலோகக் குமிழையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்தப் பலகை முடிந்தது. அடியில் உள்ள நான்கு சிறு துடுப்புகளில் ஒன்று உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவருவதும் பெரிய பாடில்லை. மைவி காரின் பின்னிருக்கையை மடித்தால் 140 சென்டிமீட்டர் பலகை உள்ளேயே படுத்துக்கொள்ளும்.

சிலர் பலகை தொலைந்துவிடாமல் இருக்க அதை உடம்போடு கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள். விழும்போது இழுபட்ட கயிறு, பலகையை ஓட்டுபவர் தலையை நோக்கியே திருப்பி எறியும். அதனால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதை அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாக, பலகை இல்லாமலே பட்டத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பால் தண்ணீரைக் கிழித்து, காற்றுக்கு எதிராக நகரும் முறையை முதலில் கற்றுத் தருகிறார்கள். விழுந்த பலகையை மீண்டும் எடுக்க அதுதான் வழி. முதல் ஓரிரு வகுப்புகளில் பலகையே கண்ணில் படாது. பிள்ளை கடலுக்குப் போகிறானே என்று கவலைப்படும் பெற்றோர், சேர்க்கும் இடத்தில் இந்தப் பாடம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பலகை கைக்கு வந்த பிறகும் பயிற்சி நிலையத்தின் பலகைகளில்தான் முதல் சில நாள்கள் கழியும். அங்கே இரண்டு மூன்று அளவுகளில் ஏறிப் பார்த்து, எது தூக்கியது, எது இழுத்தது, அன்று காற்று எத்தனை நாட் என்று கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டு வருபவருக்கு, கடையில் 138ஆ 142ஆ என்ற கேள்விக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.